சாமி பேரை ஏலத்தில் விடாத அக்கா

அக்காவின் முதலாண்டு நினைவுப் பூசைக்கு வந்து, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு, போகிற வழியில் இந்தப் புத்தகத்தைக் கையில் வாங்கியிருக்கிற சொந்தபந்தங்களுக்கும் சினேகிதிகளுக்கும், அக்காவோடு கூடப் பிறந்த தங்கச்சி சொல்லிக்கொள்கிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். நான் ‘சொன்னாக’ என்றால் இவள் ‘சொன்னார்’ என்று எழுதுகிறாள். அச்சில் அப்படித்தான் வர வேண்டுமாம். எதையாவது விட்டுவிடுவாளோ என்று ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் வாசித்துக் காட்டச் சொல்கிறேன். படித்த பிள்ளைகளை நம்ப முடியாது. தங்களுக்கு வெட்கமாகத் தெரிவதை நைசாக விழுங்கிவிடுவார்கள்.

அழுகிற கட்டுரை வேண்டுமென்றால், அக்கா மகள் அமலி எழுதியது முன் பக்கத்தில் இருக்கிறது. என்னால் அக்காவைப் பற்றி அழுதுகொண்டு பேச முடியாது. வாயைத் திறந்தாலே சிரிப்பு வருகிறது. அக்காவைப் பற்றிப் பேச ஆள் கேட்டால் எனக்குக் கொண்டாட்டம்தான்.

அக்கா பிறந்தது இதே ஊரில். தேனிப் பக்கம், தேவாரம் டவுனுக்கும் மலைக்கும் நடுவில், மேற்கே மழை பெய்வது கண்ணுக்குத் தெரிந்தாலும் நம் கூரையில் விழாத ஊர். எங்கள் பாட்டனுக்குப் பாட்டன் காலத்திலேயே ஞானஸ்நானம் வாங்கிய வீடுகள் மாதா கோவிலைச் சுற்றி இருக்கின்றன. மற்றவர்கள் வீடுகள் மாரியம்மன் கோவிலைச் சுற்றி. இரண்டு பக்கத்துக்கும் தண்ணீர்க் குழாய் ஒன்றுதான். அதனால் எந்தச் செய்தியும் ஒரு பக்கமாக நிற்காது.

எங்கள் அப்பா தென்னந்தோப்புக் காவல். அம்மா கூலிக்குக் களை எடுக்கப் போவார். நாங்கள் இரண்டே பெண்கள். ஒருநாள் அடுக்குப்பானைக்குள் வைத்திருந்த கருப்பட்டியைக் காணோம். அம்மா விளக்குமாற்றோடு வந்து கேட்டார்.

“கருப்பட்டியத் தின்னது யாருடி?”

“நான் இல்லம்மா,” என்றார் அக்கா.

“அப்பப் பெறகு யாரு?”

“நான் இல்லங்கிறது மட்டுந்தான் எனக்குத் தெரியும்.”

வீட்டில் இருந்ததே இரண்டு பேர். அடி எனக்கு விழுந்தது. அக்கா கோள் சொல்ல மாட்டார். கேட்டால் பொய்யும் சொல்ல மாட்டார். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால், கூட இருப்பவர்கள் பாடு திண்டாட்டம்.

கல்யாணமும் உள்ளூரிலேயே நடந்தது. மச்சான் ஏலக்காய் விளைகிற ஏல மலைக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டினார். அமலி நடை பழகுகிற வயதில் ஒரு மழைநாளில் ஜீப் கவிழ்ந்து மச்சான் போய்விட்டார். அக்கா அதிகம் அழவில்லை. அழுதால் பிள்ளை பயப்படும் என்றார். காரியம் முடிந்ததும் அதே மலைக்கு வேறு ஜீப்பில் அக்காவே ஏறினார். விடியுமுன் கிளம்பி, கேரளாப் பக்கத்துத் தோட்டங்களில் காய் எடுத்து, பொழுது சாய வீடு வந்து, அட்டை கடித்த காலில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அங்கே பழகிய பேச்சும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. சோறு போடும்போது நாம் போதும் என்போம். அக்கா “மதி, மதி” என்பார். மதி என்று யாரோ ஒருத்தர் தினமும் தன் வீட்டில் சாப்பிடுவதாக அமலி ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

காய் முற்றிய நாட்களில் தோட்டத்தில் ஞாயிற்றுக்கிழமையும் ஆள் கேட்பார்கள். கூலியும் கூட உண்டு. அக்கா போக மாட்டார். ஜீப்காரனுக்குக் கோபம் வந்துவிட்டது.

“நாயித்துக்கெழம வராதவுகளுக்குத் திங்கக்கெழமையும் எடம் கெடையாது, ஆமா!”

“சரிப்பா, அப்பச் செவ்வாக்கெழம வாரேன்,” என்று சொல்லிவிட்டு அக்கா பூசைக்குப் போனார். செவ்வாய்க்கிழமை இடம் இருந்தது.

முழங்கால் மலையேற மறுத்த பிறகு, தேவாரத்தில் ஓர் ஏலக்காய்க் கடையில் அக்காவை நான்தான் கொண்டுபோய்ச் சேர்த்தேன். நான் ஏற்கெனவே அங்கேதான் வேலை பார்த்தேன். கடையின் பெயர் வேண்டாம் என்று பேத்தியிடம் சொல்லிவிட்டேன். முதலாளி நன்றாக இருக்கிறார். இந்தப் புத்தகம் அவர் கைக்கும் போகும்.

மலையிலிருந்து மூட்டையாக வருகிற காயைக் கொட்டி, நாங்கள் சுற்றி உட்கார்ந்து தரம் பிரிக்க வேண்டும். பச்சையாகப் பருமனாக இருப்பது ஒரு கூடை, வெளுத்தது ஒரு கூடை, வாய் பிளந்தது ஒரு கூடை. பொழுதுக்கும் அந்த வாசத்திலேயே இருந்துவிட்டுச் சாயங்காலம் பஸ் ஏறினால் கண்டக்டர், “பாயசம் ஏறிருச்சு, ரைட் போலாம்!” என்று விசில் அடிப்பார்.

ஏலக்காய் ஒரு பிடி மடியில் போனாலும் பெரிய விலை. அதனால் வேலை முடிந்து வெளியே வரும்போது ஒவ்வொருத்தியும் வாசலில் நின்று முந்தியை உதற வேண்டும். கொண்டையையும் அவிழ்த்துக் காட்ட வேண்டும். முதலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். “இவரு வேட்டிய யாருடி ஒதறிப் பாக்குறது?” என்று முத்துப்பேச்சியின் காதில் சொல்வேன். அவள் சிரித்து மாட்டிக்கொள்வாள். அக்கா மட்டும் முந்தியை நாலு பக்கமும் நன்றாக உதறிவிட்டு, “பாத்தாச்சா மொதலாளி?” என்று கேட்டு, அவர் தலையாட்டிய பிறகுதான் நகர்வார்.

அமலிக்குச் சின்னமனூரில் மாப்பிள்ளை பேசி முடித்த வருடம் அது. மாப்பிள்ளைக்கு லேத் பட்டறையில் வேலை. கோவிலுக்குப் போகிற பிள்ளை, குடிப்பழக்கம் இல்லை. கிறிஸ்மஸ் கழிந்து, தவக்காலம் பிறக்குமுன் கல்யாணம் என்று முடிவாயிற்று. தகப்பன் இல்லாத பிள்ளைக்கு இப்படி ஓர் இடமா என்று அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்த மார்கழியில்தான் கடையில் மாதிரிப் பை காணாமல் போனது. மாதிரிப் பை என்பது, ஏலத்தில் வியாபாரிகள் அள்ளிப் பார்ப்பதற்காக முதல் தரக் காயாகப் பொறுக்கிக் கட்டி வைக்கிற சின்னப் பை. முதலில் ஒன்று போனது. எலி என்றோம். பிறகு இன்னொன்றும் போனது. பையோடு தூக்கிப் போகிற எலி எந்த ஊரில் இருக்கிறது?

முதலாளி எங்களை எல்லாம் கூப்பிட்டு நிறுத்தினார். “போலீசுக்குப் போனா கடைப் பேரு கெடும். வெள்ளிக்கெழம சூடம் கொளுத்துவோம். அம்மா பாத்துக்கிருவா.”

எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் கோர்ட்டு கிடையாது. மாரியம்மன் படத்துக்கு முன்னால் தட்டில் சூடத்தைக் கொளுத்தி வைப்பார்கள். ஒவ்வொருத்தியாகப் போய், “நான் எடுக்கல, எடுத்திருந்தா ஆத்தா கேக்கட்டும்” என்று சொல்லி, எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைக்க வேண்டும். பொய்ச் சத்தியம் பண்ணினால் கை வெந்துபோகும், குடும்பம் விளங்காது. போலீசுக்குப் பயப்படாதவர்களும் இதற்குப் பயப்படுவார்கள்.

நானும் ஞானஸ்நானம் வாங்கியவள்தான். ஆனாலும் எடுக்காத கை எதை அடித்தால் என்ன என்று முதல் ஆளாகப் போய்ப் பட்டென்று அடித்துவிட்டு வந்தேன். மாதா என்னைக் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அடித்து முடித்ததும் ஓரமாக நின்று, மற்றவர்கள் அடிப்பதைக் கவனித்தேன். முத்துப்பேச்சி தட்டே குதிக்கும்படி ஓங்கி அடித்தாள். ஒன்றும் எடுக்காதவளுக்கு அவ்வளவு வேகம் எதற்கு? ஈஸ்வரி கண்ணை மூடிக்கொண்டு அடித்தாள். எதைப் பார்க்கப் பயந்தாள்? சிட்டம்மா பூவை எடுப்பது மாதிரித் தொட்டாள். சூடம் அணையாமல் இரண்டாம் தரமும் அடிக்க வேண்டியிருந்தது. இதில் யாரை விட்டுவிடுவது? மூன்று பேரையும் மனதில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

கடைசியில் அக்கா மட்டும் பாக்கி.

“வாங்கத்தா, நீங்கதான் மிச்சம்,” என்றார் முதலாளி.

“நான் எடுக்கல மொதலாளி.”

“அதச் சூடத்துக்கு முன்னால சொல்லுங்க.”

“உங்க மொகத்துக்கு நேரா சொல்லிட்டனே. அதுக்கு மேல என்ன இருக்கு?”

முதலாளி கெட்டவர் இல்லை. அவரே வழி ஒன்று யோசித்தார். “உங்க சாமிக்கு ஆகாதுன்னா வேணாம். மெழுகுவத்தி வாங்கியாரச் சொல்றேன். மாதா படத்த வச்சு அதுல அடிங்க.”

“அடிச்சிரு மதினி,” என்று முத்துப்பேச்சி கெஞ்சினாள். “மெழுகுவத்திக்கு இம்புட்டுக்காண்டு தீதான். சுடக்கூடச் சுடாது.”

“மாதா மேலயும் மாட்டேன்,” என்றார் அக்கா. “காய ஏலத்துல விடுங்க மொதலாளி, நல்ல வெலைக்குப் போகட்டும். சாமி பேர நான் ஏலத்துல விட மாட்டேன்.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. தன் கடையில் தன் சாமிக்கு முன்னால் ஒருத்தி மறுத்துவிட்டாள் என்று அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. “அப்பச் சத்தியம் பண்ணத் தோணுற அன்னைக்கு வாங்க. அதுவரைக்கும் வேல இல்ல.”

அக்கா முந்தியை உதறிக் காட்டிவிட்டு, கொண்டையை முடிந்துகொண்டு வெளியே வந்தார்.

பஸ்ஸில் நான் வாயை மூடவில்லை. “ஒரு அடி! கைய ஓங்கி எறக்குனா முடிஞ்சது சோலி! ஒம் மக கல்யாணத்த நெனச்சுப் பாத்தியா?”

“பாத்தேன்.”

“பாத்துமா மாட்டேன்னுட்ட?”

“நான்தான் எடுக்கலையேடி.”

கண்டக்டர் வந்து டிக்கெட் கிழித்தார். அன்றைக்குப் பாயசம் என்று சொல்லவில்லை. செய்தி எங்களுக்கு முன்னால் பஸ் ஏறிவிட்டது என்று எனக்கு அப்போதே சந்தேகம் வந்தது.

சந்தேகம் சரிதான். மறுநாள் குழாயடியில் அக்கா குடத்தோடு வந்ததும் பேச்சு நின்றது. அவர் நகர்ந்ததும், “அடிக்காதவதான எடுத்தவ?” என்று ஒரு குரல். யார் குரல் என்று எனக்குத் தெரியும். பெயர் போட வேண்டாம் என்று பேத்தி கும்பிடுகிறாள். போகட்டும். கோவிலைச் சுற்றியிருந்த நம் ஆட்கள் மட்டும் என்ன யோக்கியமா? பூசைக்கு வரும்போது அக்காவுக்குப் பக்கத்தில் பாயில் இடம் நிறையவே காலியாகக் கிடந்தது.

கிறிஸ்மஸ் கழிந்தது. நம் கோவிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். தெரியாத மற்றச் சொந்தங்களுக்காகச் சொல்கிறேன். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும் என்று சாமியார் பூசையில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வாசிப்பார். முதல் ஓலை வாசித்த வாரம், சின்னமனூர்ச் சம்பந்தியம்மா வீட்டுக்கு வந்தார். பிஸ்கட் பாக்கெட் எல்லாம் வாங்கி வந்திருந்தார். எனக்கு அந்தப் பாக்கெட்டைப் பார்த்ததுமே சரியில்லை என்று பட்டது.

“எங்களுக்கு ஒரு சந்தேகமும் இல்ல சம்பந்தி. ஊருதான் கண்டதையும் பேசுது. ஊரு வாய அடைக்கணும்ல?”

“அடைக்கணும்,” என்றார் அக்கா.

“சூடமெல்லாம் வேணாம். நம்ம கோவில்லயே பீடத்துக்கு முன்னால நின்னு, ஆண்டவரு சாட்சியா நான் எடுக்கலன்னு சொல்லிருங்க. எங்களுக்கு அது போதும்.”

“நான் எடுக்கல சம்பந்தி.”

“அதத்தான் பீடத்துக்கு முன்னால சொல்லச் சொல்றேன்.”

“உங்களுக்கு முன்னால சொல்லிட்டேன்ல?”

சம்பந்தியம்மா காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். பாதிகூடக் குடிக்கவில்லை. “மூணாவது ஓலைக்குள்ள பண்ணிட்டா நல்லது. இல்லன்னா நான் எந்திரிச்சு நிக்க வேண்டியது வரும். எம் புள்ளயக் களவாணி வீட்டுல கட்டுனேங்கிற பேரு எனக்கு வேணாம்.”

அமலி அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து தாயோடு பேச்சை நிறுத்திவிட்டாள். இதை எடுத்துவிடச் சொல்லி அமலி கேட்டாள். எடுக்க மாட்டேன். அவள் அழுத அழுகை நியாயம்தான். கல்யாணப் புடவை பெட்டிக்குள் மடித்தபடி இருந்தது.

நான் அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சாமியார் பங்களாவுக்குப் போனேன். அப்போதிருந்த பங்குச் சாமியார் வயதானவர், நிதானமானவர்.

“சாமி, நீங்களே சொல்லுங்க. சத்தியம் பண்ணுனா பாவமா?”

அவர் யோசித்துச் சொன்னார். “அவசியமான காரியத்துல, உள்ளதச் சொல்லி ஆண்டவரச் சாட்சிக்குக் கூப்புடுறது பாவம் இல்லம்மா.”

“கேட்டியா!” என்று அக்காவின் தோளில் ஒரு குத்து விட்டேன். வெற்றி எனக்கு என்று நினைத்தேன்.

அக்கா தலையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சொன்னார். “பாவம் இல்லன்னு எனக்கும் தெரியும் சாமி. ஆனா சாமி பேரச் சொன்னாத்தான் நான் சொல்றது நெசம்னா, மத்த நாளெல்லாம் நான் சொன்னது பொய்யா? அமலி அப்பா போனப்ப அந்தப் புள்ளைக்கு என்னென்னமோ சொல்லி வளத்தேன். எதுக்கும் சத்தியம் பண்ணல. இப்பப் பண்ணுனா அதெல்லாம் என்னத்துக்கு ஆகும்?”

அக்கா அதோடு நிறுத்தவில்லை.

“இன்னொண்ணும் இருக்கு சாமி. கடையில அவுக சாமிக்கு முன்னால மாட்டேன்னுட்டு, இங்கன நம்ம சாமிக்கு முன்னால பண்ணுனேன்னு வைங்க. அவுக சாமின்னா எளப்பம், நம்ம சாமின்னா ஒசத்தின்னு ஆயிரும். கூட வேல பாக்குற புள்ளைக மொகத்துல நான் எப்படி முழிப்பேன்?”

சாமியார் நாற்காலியைவிட்டு எழுந்து, “நீங்க போங்கம்மா. ஓலைய நான் வாசிக்கிறேன். எந்திரிக்கிறவுக எந்திரிக்கட்டும்,” என்றார். இவருக்கும் அக்கா மேல் சந்தேகமா, அல்லது சம்பந்தியம்மா மேல் சந்தேகமா என்று அவர் முகத்தை வைத்து என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

நான் மட்டும் கடைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். மூன்றாவது ஓலைக்குச் சம்பந்தியம்மா எழுந்து நிற்கப்போகிற செய்தியும் என்னோடு பஸ் ஏறிக் கடைக்கு வந்துவிட்டது. இரண்டாவது ஓலை வாசித்த பிறகு, அக்கா இல்லாத கடையில், மூன்றாவது மாதிரிப் பையும் போனது! எனக்கு வந்த சந்தோஷத்தை முதலாளி பார்த்திருந்தால் நான்தான் எடுத்தேன் என்று முடிவுகட்டியிருப்பார். அந்த வெள்ளிக்கிழமை அவர் சூடத்தைத் தட்டில் வைத்தார். தீப்பெட்டியைக் கையில் எடுத்தார். எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு தீப்பெட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் முத்துப்பேச்சியைப் பார்த்தேன். அவள் ஈஸ்வரியைப் பார்த்தாள். ஈஸ்வரி என்னைப் பார்த்தாள்! அடித்த எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். சிட்டம்மா சல்லடையைவிட்டுத் தலையே தூக்கவில்லை.

மூன்றாவது ஞாயிறு வந்தது. சம்பந்தியம்மா சின்னமனூரிலிருந்து காலை பஸ்ஸிலேயே வந்து, பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார். எழுந்து நிற்க வசதியான இடம். அக்கா எப்போதும்போலத் தூண் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அமலி தலையைக் குனிந்தே இருந்தாள். பிரசங்கம் முடிகிற நேரம் நான் திரும்பிப் பார்த்தால், கோவில் வாசலில் வெள்ளை வேட்டியோடு எங்கள் முதலாளி! செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் படியிலேயே நிற்கிறார். வேலையைப் பிடுங்கியது போதாதென்று கல்யாணத்தையும் கெடுக்க வந்துவிட்டாரா என்று நினைத்தேன். அக்காவுக்கு ஜாடை காட்டினேன். அக்கா திரும்பவே இல்லை.

சாமியார் ஓலையை வாசித்தார். மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், தாய் தகப்பன் பெயர். “இவர்களுடைய திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் அதைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள்.”

சம்பந்தியம்மா தரையில் கையை ஊன்றினார். பாதி எழுந்துவிட்டார்.

“சாமி! நான் ஒண்ணு சொல்லணும்,” என்று வாசலிலிருந்து ஒரு குரல்.

கோவிலே திரும்பியது. பாவம், முதலாளிக்கு நம் வழக்கம் என்ன தெரியும்? சாமியார் கேட்கிறார், தெரிந்தவர்கள் சொல்ல வேண்டியதுதான் என்று நினைத்துவிட்டார். ஊர்க்கூட்டத்தில் பேசுவது மாதிரித் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டடி உள்ளே வந்துவிட்டார்.

“அந்த ஆத்தா எடுக்கல சாமி. அவுக கடைக்கு வராத நாள்லயும் பை போயிருக்கு. சூடம் அடிச்ச கையில ஒண்ணு பொய்க் கை. எதுன்னு எனக்குத் தெரியல. அடிக்காத கை சுத்தம். அது தெரியும்.”

சாமியாருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. “ஐயா, இதனால கல்யாணத்துக்குத் தடை இருக்குன்னு சொல்றீகளா?”

“தடையா? அய்யய்யோ! தடை இல்லன்னு சொல்லத்தான சாமி பஸ் ஏறி வந்தேன்!”

கோவிலுக்குள் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. பலிபீடத்துப் பையன்கள்கூடச் சிரித்தார்கள். சாமியார் ஓலையால் முகத்தை மறைத்துக்கொண்டார். பாதி எழுந்த சம்பந்தியம்மாதான் அப்படியே அந்தரத்தில் நின்றார். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். “காலு மரத்துப்போச்சு,” என்று சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

சம்பந்தி, இதை வாசித்துவிட்டு நீங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அன்றைக்கு உங்களுக்குக் கால் மரத்தது என்று நான் இன்றைக்கும் நம்பவில்லை. ஆனால் அமலியை நீங்கள் பெற்ற மகளாக வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அதனால் கால் மரத்தது என்றே இருக்கட்டும்.

பூசை முடிந்ததும் முதலாளி அக்காவிடம் வந்தார். “நாளைக்குக் கடைக்கு வந்துருங்கத்தா.”

“சத்தியம்?”

“வேணாம். நீங்க சொன்னது போதும்.”

அக்காவுக்குக் கண் கலங்கியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். மச்சான் போனபோதுகூட அப்படிக் கலங்கவில்லை. முதலாளி மனம் திருந்தித்தான் வந்தாரா, அல்லது மலையில் காய் வரத்து கூடி, அக்கா மாதிரி வெடிப்புக் காயைத் தொட்டுப் பார்த்தே ஒதுக்குகிற ஆள் கிடைக்காமல் வந்தாரா என்று எனக்கு அப்போதும் சந்தேகம், இப்போதும் சந்தேகம். அக்காவிடம் கேட்டால், “எதுக்கு வந்தா என்னடி, வந்தாருல்ல?” என்றார்.

அக்கா திரும்பிப் போன அன்று சாயங்காலம், வாசலில் முதலாளி எழுந்து நின்றார். “நீங்க முந்தி ஒதற வேணாம். மாதிரிப் பை அறைச் சாவியையும் நீங்களே வச்சுக்கங்க.”

“சாவி உங்ககிட்டயே இருக்கட்டும் மொதலாளி. நான் மட்டும் ஒதறாமப் போனா, மத்த புள்ளைகள எல்லாம் களவாணின்னு சொன்னதாப் போயிரும். ஒதறுனா எல்லாரும் ஒதறுவோம். இல்லையா, ஒருத்தரும் ஒதற வேணாம்.” சொல்லிவிட்டு முந்தியை நாலு பக்கமும் உதறினார்.

கொஞ்ச நாளில் வாசலிலிருந்த நாற்காலி காணாமல் போனது. அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது என் எண்ணம். ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கடையில் சூடம் வெள்ளிக்கிழமை பூஜைக்கு மட்டும்தான் எரிந்தது. பையும் காணாமல் போகவில்லை.

அமலி கல்யாணம் தவக்காலத்துக்கு முன்னால் நல்லபடியாக நடந்தது. நல்ல சாப்பாடு. பாயசத்துக்கு ஏலக்காய் முதலாளி கொடுத்தார். பேரப்பிள்ளைகள் வந்தார்கள். அக்கா கை ஓய்கிற வரைக்கும் கடைக்குப் போனார். பிறகு மூச்சு இளைப்பு வந்து படுத்துவிட்டார். தேனி ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்து பார்த்தோம். வீட்டுக்குப் போக வேண்டும் என்று கேட்டார். கூட்டி வந்தோம்.

அந்த நாட்களில் கடைப் பெண்கள் எல்லாரும் தனித்தனியாக வந்து பார்த்துப் போனார்கள். முத்துப்பேச்சி கருவாட்டுக் குழம்பு வைத்துக்கொண்டு வந்தாள். ஈஸ்வரி திருநீறு கொண்டுவந்து, பூசவா வேண்டாமா என்று கேட்டு, அக்கா சிரித்ததும் தன் நெற்றியிலேயே பூசிக்கொண்டாள். சிட்டம்மா அக்காவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே பொழுது முழுக்க உட்கார்ந்திருந்தாள். இன்னும் பலர் வந்தார்கள். வந்தவர்களுக்குக் காப்பி போட நான் அடுப்படிக்குப் போவேன். அங்கேதான் நான் ஏமாந்தேன்.

ஒரு சாயங்காலம் எல்லாரும் போன பிறகு, அக்கா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். முகம் தெளிவாக இருந்தது.

“ஏடி, பைய எடுத்தவ சொல்லிட்டா.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “யாரு? யாருக்கா?”

“எங்கிட்டச் சொன்னது என்னோட இருக்கட்டும்.”

“அவளுக்கு என்ன கொள்ளை, எதுக்கு எடுத்தாளாம்?”

“அப்ப அவளுக்குக் கஷ்டம்.”

“முத்துப்பேச்சியா? தட்டு குதிக்க அடிச்சாளே, அவதான? இல்ல அந்தக் கண்ண மூடுனவளா?”

அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். என்னால் தாங்க முடியவில்லை. “எம்மேல சத்தியமாச் சொல்லுக்கா!” என்றேன்.

அக்கா இளைப்போடு சிரித்தார். “போடி இவளே. நீயும் சூடத்தக் கொளுத்திட்டியா?”

அதற்குப் பிறகு அக்கா அதைப் பற்றிப் பேசவில்லை. சில நாளில், அமலி தாயின் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டிருக்கும்போதே அமைதியாகப் போய்விட்டார்.

அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கூட்டிவந்த மாப்பிள்ளைக்கும், எதுவும் கேட்காமல் கூட இருந்த சம்பந்தியம்மாவுக்கும், வந்து செபம் சொல்லி மந்திரித்துப்போன சாமியார்களுக்கும், அடக்கத்தன்று கடையை மூடிவிட்டு வந்து கல்லறை வரைக்கும் தோள் கொடுத்த முதலாளிக்கும், அன்றைக்கு எங்கள் தெருவுக்கெல்லாம் சமைத்துப் போட்ட மாரியம்மன் கோவில் தெருக்காரர்களுக்கும், குழம்பு கொண்டுவந்த முத்துப்பேச்சிக்கும், திருநீறு கொண்டுவந்த ஈஸ்வரிக்கும், கால் பிடித்துவிட்ட சிட்டம்மாவுக்கும், பெயர் விட்டுப்போன எல்லாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இதோடு முடிக்கலாம் என்கிறாள் பேத்தி. இன்னும் ஒரு ஆளுக்குப் பாக்கி இருக்கிறது. எழுதுடி.

நீ யாரென்று எனக்குத் தெரியவில்லை. போன வருடம் அடக்கத்தன்று பந்தியில் இலை போட்டபோதுகூட ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன், பிடிபடவில்லை. நீயும் இந்தப் புத்தகத்தைக் கையில் வைத்திருப்பாய், அல்லது யாராவது உனக்கு வாசித்துக் காட்டுவார்கள். யாரும் உன்னைக் கேட்கவில்லை. தட்டில் சூடம் எரியவில்லை. ஆனாலும் நீயாக வந்து, உள்ளதை உள்ளபடி அக்காவிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். அக்கா அதற்குப் பிறகு இளைப்பு வந்தாலும் நன்றாகத் தூங்கினார். உனக்கும் எங்கள் நன்றி.